ஏக்கருக்கு ஒரு மரைக்கால்

"அந்தச் சுவரில ஆணி அடிக்காதீங்க. அது அம்மா கட்டின சுவர்."

கையில் சுத்தியலும் வாயில் ஆணியுமாக நின்ற இளையதம்பி அடுத்த சுவருக்கு நகர்ந்தார்.

"அதிலயும் வேணாம். பெரியம்மா காசு குடுத்துப் பூசின சுவர் அது. வெடிச்சுப் போகும்."

ஒரு குடையைக் கொளுவ இவ்வளவு பாடு. செட்டிபாளையத்தில் அந்த வீட்டுக்கு அவர் மாப்பிள்ளையாக வந்து இருபது வருடமாகிறது. மட்டக்களப்பு வழக்கப்படி வீடு மனைவி சீதேவிப்பிள்ளையின் சீதனம். வளவும் சீதனம். வளவில் நின்ற தென்னையும், தென்னையில் கட்டியிருந்த மாடும் சீதனம். கறுப்புக் குடை ஒன்றுதான் அவருடையது. அதுவும் மாமனார் கலியாணத்துக்கு வாங்கிக் கொடுத்தது என்பதை அவர் வெளியில் சொல்வதில்லை.

"இந்த வீட்டில என்ட எண்டு ஒண்டுமில்லையா?" என்று ஆணியைத் துப்பிவிட்டுக் கேட்டார்.

"ஏன் இல்லாம? நான் இல்லையா?" என்று சொல்லிவிட்டுச் சீதேவிப்பிள்ளை அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பதில் அன்பான பதில்தான். ஆனால் மனைவியின் தலையில் குடையைக் கொளுவ முடியாது. இளையதம்பி அன்றே ஒரு முடிவுக்கு வந்தார். இந்த வருடம் எப்படியாவது வட்டை விதானையாகிவிட வேண்டும்.

வட்டை என்பது ஒரே குளத்துத் தண்ணீரைக் குடிக்கிற வயல்களின் கூட்டம். அவர்களுடைய கொக்குத்திட்டி வட்டை வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் கிடந்தது. தண்ணீரைப் பங்கிட, வாய்க்காலைப் பார்க்க, வேலி பாய்கிற மாட்டைப் பிடிக்க ஒரு விதானை. அவருக்குச் சம்பளம் ஏக்கருக்கு ஒரு மரைக்கால் நெல். அறுவடை முடிந்தால் முற்றத்தில் மூடை மூடையாக வந்து இறங்கும். அது ஒருவருடைய சீதனமும் அல்ல. விதானையாரின் சொந்த உழைப்பு. அதை நினைத்தாலே இளையதம்பிக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

ஒரேயொரு தடை நல்லரத்தினம்.

நல்லரத்தினம்தான் பல வருடங்களாக விதானை. விதைப்புக்கு முன் குளக்கட்டில் கூட்டம் நடக்கும். "ஆரை வைப்பம்?" என்று கேட்பார்கள். கூலிக்கும் குத்தகைக்கும் வயல் செய்கிற வயற்காரர் எல்லாரும் "நல்லரத்தினம்!" என்று கத்துவார்கள். அவர்களோடு சேர்ந்து கள்ளுக் குடிக்கிற ஒரே விதானை அவர்தான். அந்தத் தேர்தலில் வாக்கு என்பது தொண்டைதான். இளையதம்பிக்காகக் கத்த ஒரு தொண்டை இருந்தது. அது அவருடையது.

அது நாடெங்கும் தேர்தல் பேச்சாக இருந்த காலம். அரசாங்க சபைக்கு ஆளனுப்ப, இருபத்தொரு வயது கடந்த ஆண் பெண் எல்லாருக்கும் வாக்குக் கொடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி வைத்து, மறைவில் வாக்குப் போட்டதை ஊரே அதிசயமாகப் பேசிக்கொண்டிருந்தது. இளையதம்பி குடையை எடுத்துக்கொண்டு, அந்தப் பகுதிக்கெல்லாம் பெரிய தலைமைக்காரரான வன்னியனாரின் கந்தோருக்குப் போனார்.

"ஐயா, காணி ஒருத்தன்ட, சத்தம் இன்னொருத்தன்ட. இது என்ன ஞாயம்? கொழும்பில தேர்தல் திருந்திட்டு. எங்கட வட்டை திருந்தல்லையே!"

வன்னியனாருக்குப் புதுமையில் ஆசை. "என்ன செய்யவேணும் எண்டு சொல்லும்."

"காணிச் சொந்தக்காரருக்கு மட்டும் வாக்கு. உறுதிப் பத்திரத்தில ஆர்ட பேர் கிடக்கோ, அவர் வந்து போடட்டும். பெட்டி வைச்சு, மறைவில."

"நல்ல யோசனை. மறுகா மாத்தக் கேட்டு வரப்படாது."

"கேட்டு வந்தா என்ட பேர் இளையதம்பி இல்ல."

அடுத்த கிழமை குளக்கட்டில் வன்னியனாரின் கிளாக்கர் மேசை போட்டு, காணி உறுதிகளைப் பார்த்து எழுதிவந்த பெயர்களை உரத்து வாசித்தார். வயற்காரர் ஒதுங்கி நின்றார்கள். காணிக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு முன்வரிசையில் நின்றார்கள்.

"ஆச்சிப்பிள்ளை."

"அவ புருசன் இல்லாதவ. சரிதான்" என்றார் இளையதம்பி.

"பொன்னாச்சி. நாகம்மை. கண்ணம்மை. சீதேவிப்பிள்ளை."

"நில்லுங்க கிளாக்கர். சீதேவிப்பிள்ளை எண்டது என்ட பெண்சாதி."

"ஓம். வயல் அவட பேரில."

"அது என்ட வயல்! இருபது வருசமா நான் விதைக்கிறன்!"

"விதைக்கிறது நீங்க. உறுதி அவட. சீதனமாக் குடுத்த காணி ஆம்பிளையின்ட பேரில எப்பிடி இருக்கும்?"

முன்வரிசை மீசைகளில் இருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. தலைமுறை தலைமுறையாக "என்ட வயல், என்ட வயல்" என்று சொல்லிச் சொல்லி, அது யாருடையது என்பதையே அவர்கள் மறந்துபோயிருந்தார்கள்.

"ஒரு ஆம்பிளைப் பேராவது இல்லையா?" என்று ஒருவர் பரிதாபமாகக் கேட்டார்.

கிளாக்கர் விரலால் தேடினார். "ஒருவர் இருக்கிறார். பிள்ளையார். கோயில் காணி ரெண்டு ஏக்கர்."

அவர் கலியாணம் முடிக்கவில்லை. அதனால் காணி அவர் பெயரிலேயே தங்கிவிட்டது.

வயற்காரர் பக்கம் சிரிப்பு வெடித்தது. நல்லரத்தினம் வந்து இளையதம்பியின் தோளில் கை வைத்தார். "மச்சான், என்னத் தோற்கடிக்கப்போய் ஊர் ஆம்பிளைகள் எல்லாரையும் தோற்கடிச்சுப் போட்டியே!"

இளையதம்பி வன்னியனாரிடம் ஓடினார். மாற்ற முடியாது என்று வன்னியனார் சொல்லிவிட்டார். உம்முடைய பெயர் இப்போது என்ன என்றும் கேட்டாராம்.

வீட்டுக்கு வந்தபோது சீதேவிப்பிள்ளை வாசலில் நின்றாள். செய்தி அவருக்கு முன்னமே வாவியைக் கடந்து வந்திருந்தது.

"எங்களுக்கெல்லாம் வாக்கு வாங்கித் தந்தீங்களாம்?"

"உறுதி உன்ட பேரில கிடக்கெண்டு ஏன் நீ சொல்லல்ல?"

"அது என்ட பெட்டகத்திலதானே கிடக்கு. நீங்க கேக்கல்ல."

இளையதம்பி குரலைத் தாழ்த்தினார். "சரி, போகட்டும். உன்ட வாக்கு எனக்குத்தானே?"

"யோசிக்கவேணும். ரகசியமாப் போடவேணும் எண்டு நீங்கதானே சட்டம் கொண்டுவந்தீங்க?"

அன்றிரவு அவருக்கு நித்திரை வரவில்லை. விடிந்ததும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, வட்டையில் ஆகப் பெரிய காணிக்காரியான ஆச்சிப்பிள்ளையின் வீட்டுக்குப் போனார். பெண்களுக்கு விதானை வேலை தெரியாது, நெல் தெரியும். ஒவ்வொரு அறுவடையிலும் அந்த ஒரு மரைக்கால் வீட்டை விட்டுப் போகும்போது அவர்கள் விடுகிற பெருமூச்சு அவருக்கும் தெரியும்.

"அக்கா, நல்லரத்தினத்துக்கு இவ்வளவு சம்பளம் என்னத்துக்கு? குடை பிடிச்சு வரம்பில நடக்க ஏக்கருக்கு ஒரு மரைக்காலா? கொழும்பில மெம்பர்மாரும் இப்பிடித்தான் கதிரையில இருந்து கட்டுக்கட்டா வாங்கிறாங்களாம். நாடு உருப்படுமா? நான் வந்தா அரை மரைக்கால் போதும்."

ஆச்சிப்பிள்ளை வெற்றிலையைக் குதப்பியபடி தலையாட்டினாள். இளையதம்பி அதை வாக்கு என்று எடுத்துக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் செய்தி கிணற்றடிகளைச் சுற்றி நல்லரத்தினத்தின் காதுக்குப் போனது. "எனக்குக் கால் மரைக்கால் காணும்" என்று அவர் சொல்லியனுப்பினார்.

இளையதம்பி விடவில்லை. "கால் என்ன, எனக்குச் சம்பளமே வேணாம். சும்மா செய்வன். அம்மன் மேல ஆணை!"

பொழுதுபடமுன் நல்லரத்தினத்தின் பதில் வந்தது. "நானும் சும்மா செய்வன். அதோட கண்ணகை அம்மன் பொங்கலுக்கு வருசா வருசம் ஒரு மூடை அரிசியும் குடுப்பன்."

"அப்ப நான் ரெண்டு மூடை!" என்று தெருவில் நின்று கத்தினார் இளையதம்பி.

"எங்கேருந்து குடுப்பீங்க?" என்று படலைக்குள்ளிருந்து மனைவியின் குரல் கேட்டது. அவர் அதைக் கேட்காதவர் போல நடந்தார்.

இப்போது வெற்றி உறுதி என்று நினைத்து மீண்டும் ஆச்சிப்பிள்ளையிடம் போனார். அவள் முகம் சரியில்லை. சுற்றிவர இருந்த பெண்களின் முகங்களும் சரியில்லை.

"தம்பி, இருங்க" என்றாள் ஆச்சிப்பிள்ளை. "சம்பளம் வாங்கிறவனை ஏசலாம். சும்மா செய்யிறவனை எப்பிடி ஏசுறது?"

"ஏன் அக்கா ஏசவேணும்?"

"தண்ணி வராட்டி ஏசத்தானே வேணும்? அதுவும் போக, கைக்காசு போட்டு ஒருத்தன் வேலைக்கு வாறான் எண்டா, அவனுக்கு வேற எங்கயோ வரும்படி கிடக்கு. பசிச்ச விதானை இரவில மடையத் திறந்து தண்ணி விப்பான். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எங்களப் பயப்படுத்திப் போட்டீங்க."

இளையதம்பிக்கு இதில் நியாயம் இருப்பது போலப் பட்டது. நின்று நிதானமாக யோசிக்கிறவர் என்றால் அங்கேயே பேசாமல் எழுந்து வந்திருப்பார். அவர் அவசரக்காரர்.

"சரியாச் சொன்னீங்க அக்கா! திறமான வேலைக்குத் திறமான சம்பளம் வேணும். எனக்கு ஏக்கருக்கு ரெண்டு மரைக்கால் தாங்க. ஒருத்தன்ட கையையும் பார்க்கமாட்டன்!"

ஒரு பெண் வாய்க்குள் இருந்த வெற்றிலையோடு புரையேறி இருமினாள்.

அடுத்த நாள் கிணற்றடிகளில் வேறு பேச்சே இல்லை. நல்லரத்தினம் புத்தியாக, "நான் எப்பவும் போல ஒரு மரைக்கால்" என்று பழைய இடத்துக்குத் திரும்பிக்கொண்டார். இளையதம்பியை நடுத்தெருவில் விட்டுவிட்டு அவர் வீட்டுக்குள் போய்விட்ட மாதிரி இருந்தது.

"நேத்துக் காலத்தால அரை. மத்தியானம் சும்மா, பொழுதுபட ரெண்டு" என்றாள் சீதேவிப்பிள்ளை சோற்றைப் போட்டபடி. "நாளைக்கு என்ன, ஊராற்ற மாட்டையும் கேக்கப்போறீங்களா?"

"நீயும் சிரி. ஊரும் சிரிக்கட்டும்." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார். "எனக்கு நெல்லு பெரிசில்ல புள்ள. ஒரு தரமாவது, இது நான் உழைச்சது எண்டு ஒரு மூடைய இந்த முத்தத்தில இறக்கவேணும். அவ்வளவுதான்."

சீதேவிப்பிள்ளை மீன் துண்டு ஒன்றை எடுத்து அவர் சோற்றுக் கோப்பையில் வைத்தாள்.

தேர்தல் நாளன்று பெண்கள் வள்ளங்களில் வாவியைக் கடந்து வந்தார்கள். பலர் தங்கள் வயலை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள். "இதா என்ட வயல்? இவ்வளவு பெரிசா? அப்ப ஏன் இவ்வளவு கொஞ்ச நெல்லு வீட்ட வருது?" என்று நாகம்மை கேட்க, அவளுடைய கணவன் குளத்துக் கொக்குகளை எண்ணத் தொடங்கினான்.

பாய் கட்டி மறைத்த இடத்தில் இரண்டு மண்முட்டிகள். மஞ்சள் பூசியது இளையதம்பிக்கு, சிவப்பு நல்லரத்தினத்துக்கு. ஆளுக்கொரு புளியங்கொட்டை. பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போய், முகத்தில் ஒன்றும் காட்டாமல் வெளியே வந்தார்கள். வீடுகளில் அடுப்பு மூட்ட ஆளில்லாததால் ஆண்கள் எல்லாரும் பசியோடு குளக்கட்டில் குந்தியிருந்தார்கள். தேர்தல் திருத்தத்தின் முழுக் கனமும் அவர்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

கிளாக்கர் முட்டிகளைக் கவிழ்த்தார். சிவப்பிலிருந்து ஒரு பிடி விழுந்தது. மஞ்சளிலிருந்து குவியலாகக் கொட்டியது.

இளையதம்பிக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. "என்னையா? என்னையா வைச்சீங்க?"

"நல்லரத்தினம் நல்லவன்தான்" என்றாள் ஆச்சிப்பிள்ளை. "ஆனா எங்களுக்கு வாக்கு வாங்கித் தந்தது நீங்க. அந்த நன்றிய மறக்கலாமா?"

அவர் செய்த மிகப் பெரிய பிழைக்குத்தான் அந்தப் பரிசு. இளையதம்பி அடக்கமாகத் தலை குனிந்தார்.

"சம்பளம் மட்டும் நீங்க அம்மன் மேல ஆணை வைச்ச கணக்குத்தான்" என்று அவள் முடித்தாள். "சும்மா. வேலையப் பார்த்திட்டு, அறுப்பு முடிய மனசறிஞ்சு ஆரும் தந்தா வாங்குங்க."

குனிந்த தலை நிமிர வெகு நேரமாயிற்று.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்தப் போகத்தில் கொக்குத்திட்டி வட்டை அப்படியொரு விதானையைக் கண்டதில்லை. இளையதம்பி படுவான்கரையிலேயே ஓலை வாடி போட்டுப் படுத்தார். மழையில் உடைந்த வரம்பைச் சேற்றில் இறங்கித் தானே கட்டினார். கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேரும் வரை வாய்க்காலோடு கூடவே நடந்தார். மேல்வயல்காரன் ஒருவன் தண்ணீருக்காகக் கோழியொன்றைக் கொண்டுவந்து நீட்டியபோது, கோழியையும் அவனையும் ஒன்றாகத் துரத்தினார். நல்லரத்தினமே ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "மச்சான், இந்த வேலையில இவ்வளவு வேலை கிடக்கெண்டு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். இளையதம்பி கறுத்து மெலிந்து போனார். வயற்காரர் "விதானையார்" என்று கூப்பிடும்போதெல்லாம் அவருக்கு வயிறு நிறைந்தது.

அறுப்பு நல்ல அறுப்பு. களங்களில் நெல் குவிந்து, மூடையாகி, வள்ளமேறி வாவியைத் தாண்டி ஒவ்வொரு வீட்டுக்கும் போனது. இளையதம்பியின் மேற்பார்வையில் அவர் வீட்டு நெல்லும் சீதேவிப்பிள்ளையின் களஞ்சியத்துக்குப் போனது. அதன் பிறகு அவர் முற்றத்தைப் பார்த்தபடி சாய்கதிரையில் கிடந்தார். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் நிமிர்வார். வண்டி கடந்து போய்விடும். ஊரில் கலியாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று எல்லாருக்கும் ஆயிரம் சோலி. மனசறிகிற வேலையை எல்லாரும் மற்றவரிடம் விட்டுவிட்டார்கள்.

அவர் ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கோப்பையில் சோறு மிஞ்சத் தொடங்கியது. சீதேவிப்பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் விடியமுன்னே புறப்பட்டுக் குருக்கள்மடத்தில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டு, மத்தியானம் வந்து கண்ணயர்ந்திருந்தார். தெருவாசல் கடப்படியில் சலங்கைச் சத்தம் கேட்டது. காத்தான்குடி வண்டிக்கார ஆதம்பாவா மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வண்டி நிறைய நெல் மூடை.

"ஆருக்கு ஆதம்பாவா?"

"விதானையாருக்குத்தான். வட்டையில மனசறிஞ்சு தந்ததாம். இறக்கச் சொன்னாங்க."

இளையதம்பி எழுந்த வேகத்தில் சாய்கதிரை கவிழ்ந்தது. "சீதேவி! இஞ்ச ஓடி வா! வந்து பாரு!"

சீதேவிப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"பார்த்தியா? நான் கேட்டனா? வாயத் திறந்தனா? திறமான ஆளுக்குச் சம்பளம் தேடி வரும்! கொழும்பில மெம்பர்மார் வாங்கிறதும் சரிதான். வேலை செய்யிறவனுக்கு அள்ளிக் குடுக்கத்தான் வேணும். நான்தான் விளங்காமக் கதைச்சிட்டன்."

அவர் ஒரு மூடையின் வாயை அவிழ்த்து நெல்லை அள்ளினார். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க நெல்லை ஊதினார்.

"மணியப் பாரு, திரட்சியப் பாரு! இந்தமுறை நம்மட வயல் நெல்லு இதுக்குக் கிட்ட நிக்குமா?"

"நல்ல நெல்லுதான்" என்றாள் சீதேவிப்பிள்ளை.

"இதில ரெண்டு மூடை உனக்கு. வைச்சுக்கொள். உன்ட புருசன் உழைச்சுத் தாறது."

"சந்தோசம்" என்றாள் அவள். உண்மையாகவே சந்தோசமாகத்தான் இருந்தாள். இருபது வருடத்தில் அவர் இப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

ஆதம்பாவா முதல் மூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் திரும்பினார்.

"ஆதம்பாவா, நில்லுங்க!" என்று இளையதம்பி கையை நீட்டி மறித்தார். "களஞ்சியத்துக்கு வேணாம். எல்லாத்தையும் முன்னறையில அடுக்குங்க. அது அவட சீதன நெல்லு, இது என்ட சம்பள நெல்லு. ரெண்டும் கலக்கப்படாது."

முன்னறைக்கு ஏழெட்டுப் படி ஏற வேண்டும். ஆதம்பாவா படிகளைப் பார்த்தார், வண்டியில் மிச்சமிருந்த மூடைகளைப் பார்த்தார், பிறகு சலிப்போடு சீதேவிப்பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

"இதென்னக்கா சோலி, விடியக்காலையில நீங்க திறந்துவிட்டு நான் அந்தக் களஞ்சியத்திலருந்து ஏத்தின நெல்லு, திரும்ப அதுக்குள்ளேயே போனா என்னண்டு கலக்கும்?"